ஒரு பாட்டில் மீடியம்

அக்டோபர் 10, வியாழன்

இன்றைக்கு மாலை நாலு மணிக்கு லேப்பில் ஆயுத பூஜை. காலையிலிருந்தே லேப் உதவியாளர் ஏழுமலை அண்ணன் ஈரத்துணியும் கையுமாக நின்றார். சென்ட்ரிஃபியூஜ், மைக்ரோஸ்கோப், இன்குபேட்டர் என்று ஒன்றையும் விடமாட்டார். துடைத்து, சந்தனம் தடவி, குங்குமம் வைத்து, சுண்டல் பொட்டலம் கொடுக்கிறவரைக்கும் அவர் ராஜ்யம்தான். சந்தனம் வைத்த பிறகு திங்கட்கிழமை காலை வரை யாரும் எதையும் தொடக்கூடாது. லேப்பின் தலைவி அமிர்தவல்லி மேடம்கூட அதில் வாயைத் திறப்பதில்லை.

இன்குபேட்டரில் வளர்கிற செல்களுக்கு இந்த நியாயமெல்லாம் தெரியுமா? அவை பாட்டுக்குப் பெருகும். நாலு நாள் தாங்குகிற மாதிரி எல்லாவற்றையும் பிரித்துப் புது ஃபிளாஸ்க்கில் போட வேண்டும். என்னோடு ஆராய்ச்சி பண்ணுகிற பெனிட்டா காலையிலேயே தன்னுடையதை முடித்துவிட்டுச் சுண்டலுக்குத் தேங்காய் கீறப் போய்விட்டாள். தூத்துக்குடி மாதாகோயில்காரிக்குச் சுண்டல் மேல் இருக்கிற பக்தி எனக்கில்லை.

எனக்கு என் ஆராய்ச்சிச் செல்லான 7-பி மூன்று ஃபிளாஸ்க். அதோடு எம்.எஸ்சி. பிள்ளைகளின் செய்முறை வகுப்புக்காக ஹீலா செல் இரண்டு ஃபிளாஸ்க். இந்த ஹீலாவை என் தலையில் கட்டியது மேடம். மூன்றரைக்கு ஏழுமலை அண்ணன் கதவைத் தட்டி, "இன்னாம்மா, சந்தனம் காயுது" என்றார். ஹீலா பொங்கி நின்றது, அதை முதலில் பிரித்தேன். அப்புறம் 7-பி. ஒரு பாட்டில் மீடியத்திலேயே, செல்லுக்கு அதுதான் சோறு, இரண்டையும் முடித்தேன். பிப்பெட் மாற்றினேன்.

சுண்டல் உப்பு கூடுதல்.

அக்டோபர் 13, ஞாயிறு

அம்மா தென்காசியிலிருந்து போன். ஆறு வருஷமாக என்ன பண்ணுகிறாய் என்று பக்கத்து வீட்டில் கேட்கிறார்களாம், என்ன சொல்ல என்றாள். திருப்பித் திருப்பிச் சொன்னதையே சொன்னேன். நம் உடம்புச் செல்லுக்குள்ளே கைனேஸ் என்று ஒரு வகைப் புரதம். அதில் ஒன்று, நேரம் வந்தால் 'நீ சாகலாம்' என்று செல்லுக்கு உத்தரவு போடுகிறது. நானும் பெனிட்டாவும் சேர்ந்து, குடல் புற்றுநோய்ச் செல்லில் அந்தக் கைனேஸுக்கான ஜீனை வெட்டி எடுத்துவிட்டோம். ஏழாவது தட்டில் பி என்கிற குழியில் ஒற்றைச் செல்லாக இருந்து பெருகி வந்த வம்சம் அது. அதனால் 7-பி. உத்தரவு போட ஆள் இல்லாதபோது செல் சாகுமா சாகாதா என்று பார்ப்பதுதான் வேலை.

அம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாகாட்டா நல்லதுதானட்டி, அதுக்கு எதுக்கு ஆறு வருஷம்?" என்றாள்.

மேடமும் இதையேதான் வேறு வார்த்தையில் கேட்கிறார்.

அக்டோபர் 26, சனி

7-பிக்கு என்ன வந்ததோ, பிரமாதமாக வளர்கிறது. முன்பெல்லாம் மூன்று நாளைக்கு ஒருமுறை மீடியம் மாற்றினால் போதும், சிவப்பு நிறம் மாறாது. இப்போது இரண்டாம் நாளே மஞ்சளடித்துவிடுகிறது. ஆயுத பூஜை அதற்கும் பிடித்திருக்கிறது போலும்.

பெனிட்டாவின் 7-பி வழக்கம்போல ஆமை வேகம். எல்லாம் கைப்பழக்கத்தில் இருக்கிறது என்று சொன்னேன். சிரித்தாள்.

நவம்பர் 6, புதன்

தீபாவளிக்கு ஊருக்குப் போய்த் திரும்பி, இரண்டு கிலோ முறுக்கோடும் ஒரு மாப்பிள்ளை ஜாதகத்தோடும் வந்தேன். முறுக்கை லேப்பில் வைத்தேன்.

மருந்து கொடுத்துப் பார்க்கும் சோதனையை இன்று ஆரம்பித்தோம். ஜீன் வெட்டாத மூலச் செல்லுக்கு இந்த மருந்துக் கலவையைக் கொடுத்தால் ஒரே நாளில் செத்துவிடும். செத்த செல்லில் நீலச் சாயம் ஏறும், உயிரோடிருப்பது ஏற்றுக்கொள்ளாது. எண்ண வேண்டியதுதான். 7-பியை நான் ஒரு தட்டில், பெனிட்டா ஒரு தட்டில். இரண்டு நாள் பொறுக்க வேண்டும்.

எதிலும் நிலைகொள்ளவில்லை. கேன்டீனில் மூன்று முறை டீ குடித்தேன்.

நவம்பர் 8, வெள்ளி

என் தட்டில் நூற்றுக்கு இரண்டு நீலம். இரண்டே இரண்டு! அந்தக் கைனேஸ் இல்லையென்றால் செல் சாகாது. ஆறு வருஷம் இந்த எண்ணுக்காகத்தான். கழிப்பறையில் போய் நின்று அழுதுவிட்டு வந்தேன்.

பெனிட்டாவின் தட்டில் நூற்றுக்கு முப்பது.

நவம்பர் 11, திங்கள்

லேப் மீட்டிங். மேடம் இரண்டு எண்களையும் பலகையில் எழுதினார். பெனிட்டா தன்னுடையதை விட்டுக்கொடுக்கவில்லை. ஜீன் இல்லாமலே செல் மெதுவாகச் சாகிறது, அப்படியானால் உத்தரவு வேறு எங்கிருந்தோ வருகிறது, அதைத்தான் தேட வேண்டும் என்றாள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. மேடம் இன்னொரு முறை செய்யச் சொன்னார்.

அறையை விட்டு வெளியே வரும்போது அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "யக்கா, ஒன் செல்ல நான் பாத்தேன். நம்ம செல்லு தீவு தீவால்லா கெடக்கும். ஒன்னுது பாய் விரிச்ச மாதிரி கெடக்கு. ஆளு மாறின மாதிரி இருக்குக்கா."

என் ஃபிளாஸ்க்கை என்னைக் கேட்காமல் ஏன் எடுத்துப் பார்த்தாய் என்று கேட்டேன். அவள் முகம் சுருங்கிப் போனது. போகட்டும்.

நவம்பர் 15, வெள்ளி

மறுபடியும் எனக்கு இரண்டு. அவளுக்கு முப்பத்தொன்று.

இன்குபேட்டரில் என் 7-பி ஐந்து ஃபிளாஸ்க் நிரம்பி வழிகிறது. இடமில்லாமல் இரண்டைக் கீழ்த்தட்டில் வைத்தேன்.

நவம்பர் 18, திங்கள்

பெனிட்டா ஒரு யோசனை சொன்னாள். நாம் செல்லை மாற்றிக்கொள்வோம், உன்னுடையதில் நான் செய்கிறேன், என்னுடையதில் நீ செய். கையில் கோளாறா செல்லில் கோளாறா என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும் என்றாள்.

இந்த வாரம் கொடுக்க ஃபிளாஸ்க் ஒன்றுகூட மிச்சமில்லை என்று சொல்லிவிட்டேன். உண்மைதான், எல்லாம் சோதனைக்கு வேண்டியிருக்கிறது.

நவம்பர் 26, செவ்வாய்

எம்.எஸ்சி. பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்பு. மருந்தைக் கொடுத்து ஹீலாவை எண்ணச் சொன்னேன். நீலமே வரவில்லை என்று ஒரு பெண் பயந்துபோய் எழுந்து நின்றாள், தான் ஏதோ தப்பு பண்ணிவிட்டதாக நினைத்து. ஹீலாவில் இந்தக் கைனேஸ் இயல்பிலேயே கிடையாது, அதனால்தான் சாகவில்லை என்று விளக்கினேன். நல்ல கேள்வி என்று பாராட்டினேன்.

வகுப்பு முடிந்ததும் தலைவலி. சீக்கிரம் விடுதிக்குப் போய்விட்டேன்.

நவம்பர் 27, புதன்

மீடியம் மாற்றினேன்.

டிசம்பர் 2, திங்கள்

மேடம் தீர்ப்பு சொல்லிவிட்டார். புரதத்தைப் பிரித்துப் பார்க்கிற சோதனையில் என் செல்லில் அந்தக் கைனேஸின் தடமே இல்லை, சுத்தம். பெனிட்டா செல்லிலும் இல்லைதான். ஆனால் அவள் செல் சாகிறது, என்னுடையது சாகவில்லை. கைப்பழக்கம் சரியில்லாதவர்கள் பிப்பெட்டை முரட்டுத்தனமாக அடித்தாலே முப்பது செல் சாகும் என்றார் மேடம், எல்லாருக்கும் முன்னால். பிறகு என்னைப் பார்த்து, "உலகம்மை, நீங்க பக்கத்துலயே ஒர்க் பண்றீங்க. அவங்க ஹேண்ட்லிங் எப்படி?" என்று கேட்டார்.

கொஞ்சம் அவசரப்படுவாள் மேடம் என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அது பொய்யில்லை. டீ குடிப்பதில் அவசரப்படுவாள், பஸ் ஏறுவதில் அவசரப்படுவாள்.

7-பி வேலை முழுவதும் இனி எனக்கு. அவளுக்கு வேறொரு தலைப்பு, முதலிலிருந்து. நாலு வருஷம் போன பிறகு முதலிலிருந்து.

டிசம்பர் 3, செவ்வாய்

பெனிட்டா என்னோடு பேசவில்லை. டீக்குத் தனியாகப் போனேன். சர்க்கரை போட மறந்துவிட்டார்கள், அதையே குடித்தேன்.

டிசம்பர் 20, வெள்ளி

பெனிட்டா கிளம்பிவிட்டாள். கிறிஸ்துமஸுக்குப் போகிறவள் மாதிரி பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனாள். ஆனால் மேசையைத் துடைத்து வைத்திருந்ததைப் பார்த்தபோதே எனக்குத் தெரிந்துவிட்டது. தூத்துக்குடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்க வரச் சொல்லியிருக்கிறார்களாம், ஏழுமலை அண்ணன்தான் சொன்னார். என்னிடம் சொல்லவில்லை. போகும்போது வாசலில் நின்று, "நைட்ரஜன் கேன்ல என் 7-பி ரெண்டு குப்பி உறைய வச்சிருக்கேன்க்கா. தூரப் போட்டுராத" என்றாள்.

சரி என்றேன். ஸ்டேஷன் வரைக்கும் வரட்டுமா என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

ஜனவரி 4, சனி

கட்டுரை எழுத ஆரம்பித்தாயிற்று. மேடம் பெயரில் ஒரு தடவைகூட இவ்வளவு சுருக்காக மெயில் வந்ததில்லை. நான் ஒரு பத்தி அனுப்பினால் அரை மணியில் திருத்தி வருகிறது.

முகத்தில் பரு. இந்த வயதில்.

ஜனவரி 18, சனி

பொங்கலுக்கு ஊருக்குப் போகவில்லை. செல்லை யார் பார்ப்பது என்று அம்மாவிடம் சொன்னேன். மாட்டுக்கும் ஒரு நாள் லீவு உண்டே, உன் செல்லுக்குக் கிடையாதா என்றாள். என்னுடைய செல் லீவு கேட்பதில்லை அம்மா, விட்ட இடத்தில் விடாமல் வளர்கிறது, நான் சும்மா அதன் வேகத்துக்கு ஓடிக்கொண்டிருக்கிறேன்.

கட்டுரையில் நன்றி சொல்லும் பகுதியில் பெனிட்டா பெயரைப் போட்டேன். மேடம் அடித்துவிட்டார். மறுபடி போட்டேன். மறுபடி அடித்துவிட்டார். மூன்றாம் முறை போடவில்லை.

பிப்ரவரி 10, திங்கள்

அனுப்பிவிட்டோம். மேடம் எல்லாருக்கும் பால்கோவா வாங்கித் தந்தார்.

மார்ச் 4, செவ்வாய்

பத்திரிகையிலிருந்து பதில். கட்டுரையை மூன்று பேர் படித்திருக்கிறார்கள், மூவருக்கும் பிடித்திருக்கிறது. ஒரே ஒரு நிபந்தனை. பயன்படுத்திய செல் வம்சம் உண்மையில் அதுதான் என்பதற்கு மரபணுக் கைரேகை ரிப்போர்ட் வேண்டும். பெங்களூரில் ஒரு நிலையத்தில் செய்து தருகிறார்கள். இது ஒரு சம்பிரதாயம்தான், ரேஷன் கார்டு ஜெராக்ஸ் கேட்கிற மாதிரி.

மேடத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. "இந்த வாரமே அனுப்பிடுங்க" என்றார்.

நான் ஏன் சந்தோஷப்படவில்லை?

மார்ச் 5, புதன்

அனுப்பவில்லை. குளிர்ப்பெட்டி சரியில்லை.

மார்ச் 6, வியாழன்

அனுப்பவில்லை. ஏழுமலை அண்ணன் புதுக் குளிர்ப்பெட்டி கொண்டுவந்து என் மேசை மேலேயே வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 7, வெள்ளி

மைக்ரோஸ்கோப்பில் என் 7-பியையும் எம்.எஸ்சி. பிள்ளைகளின் ஹீலாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன்.

பார்த்தேன். அவ்வளவுதான் இன்றைக்கு எழுத முடியும்.

மார்ச் 10, திங்கள்

நைட்ரஜன் கேனைத் திறந்தேன். புகை முகத்தில் அடித்தது. பெனிட்டாவின் இரண்டு குப்பிகளும் மூன்றாவது தட்டில் இருந்தன. அவள் எந்த லேபிளிலும் மேலே பேனாவால் ஒரு சிறு சிலுவை போட்டுத்தான் எழுத ஆரம்பிப்பாள், நான் பிள்ளையார் சுழி போடுவது போல. லேப்பில் எங்கள் இரண்டு பேர் பொருளும் மாறவே மாறாது என்று மேடம் கிண்டல் பண்ணுவார்.

சிலுவை போட்ட குப்பி ஒன்றை எடுத்து உருக்கி, மீடியத்தில் போட்டேன். புது பாட்டில். அதற்கு மட்டும்.

மார்ச் 14, வெள்ளி

பிழைத்துக்கொண்டது. தீவு தீவாக நிற்கிறது.

மார்ச் 19, புதன்

மருந்து கொடுத்தேன். யாரும் கேட்கவில்லை, பத்திரிகை கேட்கவில்லை, மேடம் கேட்கவில்லை. நானேதான் கொடுத்தேன்.

மார்ச் 21, வெள்ளி

நூற்றுக்கு முப்பது. மூன்று முறை எண்ணினேன். முப்பது, இருபத்தொன்பது, முப்பத்திரண்டு. என் கையால். அவசரப்படாத, மேடம் மெச்சிய என் கையால்.

பெங்களூருக்கு அனுப்பச் சிலுவைச் செல்லிலிருந்து ஒரு குழாய் எடுத்தேன். லேபிளில் பிள்ளையார் சுழி போட்டு, '7-பி, உலகம்மை' என்று எழுதினேன். எழுத்து கோணிக்கொண்டு போனது. குளிர்ப்பெட்டியில் வைத்து மூடினேன். கூரியர்காரர் வர இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. அந்த ஒரு மணி நேரத்தில் பெட்டியை ஆறு தடவை திறந்தேன். கடைசித் தடவை அந்த லேபிளைக் கிழித்துப்போட்டு, சிலுவை போட்டு அவள் பெயரை எழுதினேன். என்னுடைய ஃபிளாஸ்க்கிலிருந்து இன்னொரு குழாய் எடுத்து, அதற்குச் சுழி போட்டேன்.

இரண்டு குழாய் போயிருக்கிறது. ஏன் இரண்டு என்று மேடம் கேட்டால் ஒப்பிடுவதற்கு என்று சொல்ல வேண்டும்.

மார்ச் 28, வெள்ளி

மெயில் என் பெயருக்குத்தான் வந்தது.

குழாய் 2, சிலுவை: மூலக் குடல் செல்லோடு முழுப் பொருத்தம்.

குழாய் 1, சுழி: ஹீலா.

அந்தக் கைனேஸ் இல்லாததால் சாகாமல் இருந்ததல்ல என் செல். அது 7-பியே அல்ல. ஜீனை வெட்டின செல் எங்கோ பாதியில் என் ஃபிளாஸ்க்கிலேயே தோற்றுப் போய்விட்டது. ஹீலா, எழுபது வருஷத்துக்கு முன்னால் இறந்துபோன யாரோ ஓர் அமெரிக்க அம்மாவின் உடம்பிலிருந்து எடுத்து இன்னும் சாகாமல் பெருகுகிற செல், அந்த இடத்தில் பாயை விரித்துவிட்டது. நான் அதற்கு நாள் தவறாமல் சோறு போட்டு, இரண்டே இரண்டு என்று எண்ணி, கழிப்பறையில் அழுதிருக்கிறேன்.

மார்ச் 31, திங்கள்

மேடத்திடம் சொன்னேன். ரிப்போர்ட்டை மேசையில் வைத்துவிட்டு நின்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், போட்டார், மறுபடி கழற்றினார். அப்புறம் கதவைச் சாத்தச் சொன்னார்.

"ரெண்டாவது சாம்பிள் மேட்ச் ஆகுதுல்ல? அதுவும் 7-பி தானே?"

ஆமாம் மேடம் என்றேன்.

"அப்ப அந்தப் பக்கத்த மட்டும் அனுப்புங்க. அவங்க கேட்டது 7-பி ரிப்போர்ட். நாம குடுக்கறதும் 7-பி ரிப்போர்ட்."

ஆனால் கட்டுரையில் இருக்கிற எண்ணெல்லாம் ஹீலாவினுடையது என்றேன், குரல் எனக்கே கேட்கவில்லை. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருபது வருஷமாகக் கட்டின லேப் இது, ஒரு தடவை பெயர் கெட்டால் இங்கே படித்த ஒவ்வொருவர் பட்டத்தையும் சந்தேகப்படுவார்கள், உங்கள் பட்டத்தையும் சேர்த்து என்றார்.

சரி மேடம் என்று சொல்லிவிட்டு வந்தேன். 'சரி மேடம்'. இந்த வாய் இருக்கிறதே.

ஏப்ரல் 1, செவ்வாய்

அனுப்பவில்லை.

ஏப்ரல் 2, புதன்

அனுப்பவில்லை. அம்மா போன் பண்ணினாள், எடுக்கவில்லை. விடுதி வராந்தாவில் மொட்டைவெயிலில் நடந்துகொண்டே இருந்தேன். வார்டன் என்னம்மா பரீட்சையா என்று கேட்டார்.

ஏப்ரல் 4, வெள்ளி

இந்த நோட்டை முதலிலிருந்து வாசித்தேன்.

அக்டோபர் 10: 'பிப்பெட் மாற்றினேன்.' இத்தனை வருஷத்தில் எந்த நாளிலாவது பிப்பெட் மாற்றினேன் என்று நான் எழுதியிருக்கிறேனா? தினமும் குளித்தேன் என்று யாராவது எழுதுவார்களா? மாற்றவில்லை. ஹீலாவைத் தொட்ட அதே பிப்பெட்டை அதே பாட்டிலுக்குள் விட்டு, அதே மீடியத்தை 7-பிக்கு ஊற்றினேன். ஹீலா எப்போதும் கடைசியில்தான், அதற்கென்று தனி பாட்டில்தான் என்று எம்.எஸ்சி. முதல் வாரத்தில் நான்தான் பாடம் நடத்துகிறேன். சந்தனம் காய்கிறதே என்று அவசரப்பட்டது நான். கொஞ்சம் அவசரப்படுவாள் மேடம்.

நவம்பர் 15: ஐந்து ஃபிளாஸ்க் நிரம்பி வழிந்தது. நவம்பர் 18: கொடுக்க ஒன்றுகூட மிச்சமில்லை. மூன்று நாள் இடைவெளியில், ஒரே கையெழுத்தில்.

நவம்பர் 26க்கு அப்புறம் எனக்குத் தெரியாது என்று சொல்வதற்கு எனக்கு வெட்கமில்லையா? அந்தப் பெண் நீலமே வரவில்லை என்று எழுந்து நின்றாளே, அப்போதே எனக்குள்ளே ஏதோ அறுந்து விழுந்தது. தலைவலி என்று எழுதிவிட்டு விடுதிக்கு ஓடிப்போயிருக்கிறேன். அந்த வாரம் வாயைத் திறந்திருந்தால் பெனிட்டா இங்கேயே இருந்திருப்பாள். நான் அவளை அனுப்பி வைத்தேன். கைப்பழக்கம் சரியில்லாதவள் என்ற பெயரோடு.

ஏப்ரல் 5, சனி

பெனிட்டாவுக்குச் சனிக்கிழமையும் பள்ளிக்கூடம். மதிய இடைவேளையில் அவளைக் கூப்பிட்டேன். பின்னால் பிள்ளைகள் சத்தம். என் குரலைக் கேட்டும் அவள் போனை வைக்கவில்லை. ஒரே மூச்சில் எல்லாவற்றையும் சொன்னேன், பாட்டில், பிப்பெட், ஐந்து ஃபிளாஸ்க், எம்.எஸ்சி. வகுப்பு, பெங்களூர் ரிப்போர்ட், மேடம் சொன்னது, நான் சரி என்றது.

சொல்லி முடித்த பிறகு மணி அடித்தது. பிள்ளைகள் சத்தம் குறைந்துபோனது. அதற்கப்புறம் அவள் கேட்டாள்.

"என் செல்லு உயிரோட இருக்கா?"

இருக்கிறது, நேற்றுதான் மீடியம் மாற்றினேன், அதற்குத் தனி பாட்டில் என்றேன். அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தேன். அவள் விடவில்லை.

"எங்கிட்ட அழாத. எனக்குக் கைப்பழக்கம் இல்லன்னு அத்தன பேரு முன்னாலல்லா சொன்னாங்க. அத்தன பேரு முன்னால சொல்லு."

வைத்துவிட்டாள். அவளுக்கு வகுப்பு இருந்தது.

ஏப்ரல் 7, திங்கள்

லேப் மீட்டிங்கில் என் முறை. எல்லாரும் படம் வரைபடம் என்று இருபது ஸ்லைடு காட்டுவார்கள். நான் மூன்று காட்டினேன். முதலாவது, பெங்களூர் ரிப்போர்ட்டின் இரண்டு பக்கமும். இரண்டாவது, மார்ச் 21இல் நான் எண்ணின முப்பது. மூன்றாவது, இந்த நோட்டின் அக்டோபர் 10ஆம் தேதிப் பக்கம், சுண்டல் உப்பு கூடுதல் என்கிற வரி வரைக்கும். ஒருவரும் சிரிக்கவில்லை. பெனிட்டாவின் கை சரியாக இருந்தது, அவள் கண்டுபிடித்ததுதான் உண்மை, தப்பு செய்தது நான், தெரிந்த பிறகும் வாயை மூடிக்கொண்டிருந்ததும் நான் என்று சொன்னேன். கட்டுரையைத் திரும்பப் பெறச் சொல்லிப் பத்திரிகைக்குக் காலையிலேயே எழுதிவிட்டேன், மேடத்துக்கும் நகல் போயிருக்கிறது என்றும் சொன்னேன். மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

மேடம் என்னைப் பார்க்கவே இல்லை. ஸ்லைடில் இருந்த முப்பதையே பார்த்துக்கொண்டிருந்தார். எழுந்து கதவு வரை போனவர், யாரையும் பார்க்காமல், "பெனிட்டா நம்பர் யார்கிட்ட இருக்கு?" என்று கேட்டார்.

ஏழுமலை அண்ணன்தான் எழுதிக் கொடுத்தார்.

ஏப்ரல் 9, புதன்

என்னுடைய 7-பி ஃபிளாஸ்க் ஏழையும் பிளீச் ஊற்றி அழித்தேன். மஞ்சள் வெள்ளையாகிற வரை பக்கத்திலேயே நின்றேன். கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது. அது என்ன செய்யும், கொடுத்த இடத்தில் வளர்ந்தது.

அம்மாவிடம் இன்னும் இரண்டு வருஷம் ஆகும் என்று சொன்னேன். கோளாறு என்னுடையதுதான் என்றும் சொன்னேன். அவள், சாப்பிட்டியா என்றாள்.

மே 5, திங்கள்

பள்ளி விடுமுறை விட்டதும் பெனிட்டா வந்துவிட்டாள். ரயிலிலிருந்து நேரே லேப்புக்கு, பெட்டியோடு. மேடம் வாசல் வரை வந்து அவளை உள்ளே அழைத்துப்போனார். இருவரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. வெளியே வரும்போது மேடத்தின் கண் சிவந்திருந்தது, இவளுடையது சிவந்திருக்கவில்லை. 7-பி இனி அவளுடையது. செல்லை வளர்த்துக் கொடுப்பது, எண்ணிக் கொடுப்பது என் வேலை. கேட்டு வாங்கிக்கொண்டேன்.

என்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் இன்குபேட்டரைத் திறந்து, சிலுவை போட்ட ஃபிளாஸ்க்கை எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். பத்து நிமிஷம் பார்த்தாள். நான் பக்கத்தில் பரீட்சை ரிசல்ட் பார்க்க வந்தவள் மாதிரி நின்றேன். அப்புறம் ஃபிரிட்ஜைத் திறந்து மீடியம் பாட்டில்களை ஒவ்வொன்றாக எடுத்து லேபிளை வாசித்தாள். ஹீலா பாட்டிலை எடுத்துக்கொண்டுபோய் அடுத்த அறை ஃபிரிட்ஜில் வைத்துவிட்டு வந்தாள். தன் பாட்டிலை மூடியைத் துடைத்து என் முன்னால் வைத்தாள்.

"கையக் கழுவிட்டு வாங்க" என்றாள்.

நாலு வருஷத்தில் அவள் என்னை வாங்க, போங்க என்று சொன்னதே இல்லை. யக்கா என்பாள், ஏசுவாள், என் தட்டிலிருந்து வடையை எடுத்துத் தின்பாள். போய் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவினேன், இரண்டு தரம், அப்புறம் வந்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து புது பிப்பெட்டை உறையிலிருந்து பிரித்தேன்.